வெந்நீர் வெதுவெதுப்பாய் வருவதேன்?

பாளையங்கோட்டையிலிருந்து வாசகியொருவர் நான்கு பக்கங்களில் எழுதியனுப்பிய மடல் இத்திங்கள் நம் பகுதியை முழுவதுமாக எடுத்துக்கொள்கிறது. கறையானைப் பற்றியும் மாடி ஒழுக்கைப் பற்றியும் வினவியிருந்த அன்பர்கள் அடுத்த திங்கள் வரை பொறுத்தருள வேண்டும். இம்மடலுக்கு முன்னிடம் தந்ததற்குக் காரணம் உண்டு. படித்தால் விளங்கும்.

அவர்கள் வீட்டில் மாடியில் ஒரு குளியலறை. கீழே மாமியாரின் அறையையொட்டி இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்து மாடியில் 25 லிட்டர் கீசர் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. சில ஆண்டுகள் யாதொரு குறையுமின்றி உழைத்த கருவி. சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் மாடிக் குளியலறையைப் புதுப்பித்தார்கள். அதன்பின், எண்பது வயதைக் கடந்த மாமியார், “வெந்நி சுடவே இல்லையேம்மா” என்று நாள்தோறும் குறைபட்டுக்கொள்ளத் தொடங்கினார். மகனோ, மாடியில் தாம் குளிக்கையில் நன்றாகச் சுடுகிறதே என்றார். பழுதுபார்ப்பவர் வந்தார், மாடிக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டுத் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். அடுத்த மாதம் காயிலை மாற்றினார். மூன்றாம் முறை வந்தபோது, புதுக் கீசர் வாங்கிவிடுவதே நல்லது என்று சொல்லிச் சென்றார்.

இதற்குள் வீட்டில் ஒரு முடிவு உறுதிப்பட்டுவிட்டது: அம்மாவுக்கு வயதாகிவிட்டது, இனி எதுவும் குளிரத்தான் செய்யும். ஞாயிறு காலைத் திருப்பலிக்கு முன் குளித்துப் பழகிய அம்மூதாட்டி, நண்பகல் வெயில் ஏறியபின் குளிக்கலானார். பின்னர் அவர் பொருட்டுக் கடையில் ஒரு ராடு வாங்கினார்கள். மடலின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் எழுதப்பட்ட ஒரு வரி இது: அலுமினிய வாளியில் ராடு கிடந்தபோது ஒரு நாள் கையில் சுரீரென்றதாக மாமியார் சொன்னார், அதையும் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மடலில் தொலைபேசி எண் இருந்தது நற்பேறு. அஞ்சலில் விடை எழுதிக்கொண்டிருக்க இது வேளையன்று என்று அன்றே பேசி, முதலில் ராடைப் பிளக்கிலிருந்து உருவி எடுத்துவைக்கச் சொன்னோம். கீசரைப் பற்றிய பேச்சு அதன் பிறகுதான்.

இதனை இங்கே சற்று விரித்துக் கூறுவது நம் கடன். ராடின் உலோகக் குழலுக்குள்ளே மின்சாரம் பாயும் கம்பிச்சுருள் இருக்கிறது. குழலுக்கும் சுருளுக்கும் இடையே மின்சாரம் கடத்தாத பொடி அடைக்கப்பட்டுள்ளது. குழலில் மயிரிழை போன்ற வெடிப்பு விழுந்தாலும் நீர் உட்புகுந்து, வாளி நீர் முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். வாளி உலோகமாயின், வாளியைத் தொட்டாலே அடி. பிளாஸ்டிக் வாளி என்றால் அஞ்ச வேண்டியதில்லை என்று எண்ணிவிடாதீர்கள். கையை நீரில் விட்டுச் சூடு பார்க்கும் கணத்தில் இரண்டும் ஒன்றே. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிய பின்னரே நீரைத் தொட வேண்டும். சுரீரென்று ஒரு முறை உறைத்த ராடுக்கு இரண்டாம் வாய்ப்புத் தரலாகாது. அன்றியும், பழைய வீடுகள் பலவற்றில் மூன்று துளைப் பிளக்கு இருக்குமேயன்றி, மூன்றாம் துளைக்குப் பின்னே எர்த் கம்பி இராது. இருந்தாலும் மண்ணில் புதைத்த இடம் கோடையில் வறண்டு கிடக்கும். மின்பணியாளரை அழைத்து இதைச் சோதிக்கச் சொல்லுங்கள். மின்சாரம் கசிந்தவுடன் தானே அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. என்னும் பாதுகாப்புச் சுவிட்சு, 30 மில்லி ஆம்பியர் அளவுடையதாக, வீட்டுப் பலகையில் இல்லையேல் வேறெந்தச் செலவுக்கும் முன் அதைப் பொருத்துங்கள்.

இனிக் கீசருக்கு வருவோம்.

நெல்லைச் சீமையில் வெந்நீருக்கு இத்தனை ஆரவாரமா என்று வெளியூரார் நகைக்கக்கூடும். சித்திரை, வைகாசியில் நண்பகல் வேளை மாடித் தொட்டித் தண்ணீரே கையைச் சுடுகிறது. அந்நாளில் குளிர்ந்த நீருக்கல்லவோ தவிக்கிறோம்! ஆயினும், ஆனி ஆடியில் பொதிகைச் சாரல் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் இறங்கும் காலைகளிலும், ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும், மார்கழிப் பனியிலும், மூட்டுவலியுடைய முதியோருக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் ஒரு வாளி வெந்நீர் ஆடம்பரமன்று.

வாசகியின் மடலில் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. மாமியார் சீதனமாகக் கொண்டுவந்த செப்புப் பாய்லர் பரணில் கிடக்கிறது. அதைப் பழைய பாத்திர விலைக்குப் போட்டுவிடலாமா? அதற்கு விடையை இறுதியில் தருகிறோம். ஆனால், கீசரை விளங்கிக்கொள்ள அந்தப் பாய்லரே நல்ல ஆசான் என்பதால் அதிலிருந்தே தொடங்குவோம்.

பெயரிலேயே தாமிரத்தைச் சுமக்கும் ஆற்றின் கரையில், முற்காலத்தில் சற்று வசதியுள்ள வீடுகளில் செப்புப் பாய்லர் நின்றது; ஏனைய வீடுகளில் கொல்லைப்புறத்தில் மூன்று கல்லும் ஓர் அண்டாவும். பாய்லர் என்பது உயரமான ஒரு செப்பு உருளை. அதன் நடுவே அடியிலிருந்து உச்சி வரை ஒரு புகைக்குழல். கீழே கம்பித்தட்டில் சிரட்டையும் கொதும்பும் அடுப்புக்கரியும் எரியும். குழலைச் சுற்றிலும் நீர் நிற்கும். மேலே ஒரு புனல்; பக்கவாட்டில், உருளையின் கழுத்தருகே, வளைந்த ஒரு மூக்கு. புனலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் அதே அளவு வெந்நீர் மூக்கின் வழியே கொட்டும். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அது மறுநொடியே எப்படிக் கொதித்து வருகிறது என்று சிறுவயதில் நாம் வாய்பிளந்து நின்றதுண்டு. ஊற்றிய நீர் வேறு, வந்த நீர் வேறு என்று அன்னையார் சொல்லித்தான் தெரிந்தது.

அதன் சூட்சுமம் புனலின் கீழே ஒளிந்திருக்கிறது. புனலிலிருந்து ஒரு நீண்ட குழல் நீருக்குள் இறங்கி, உருளையின் அடி வரை செல்கிறது. சூடான நீர் இலேசாகி மேலே நிற்கும். குளிர்ந்த நீர் கனத்துக் கீழே தங்கும். அடியில் விடப்பட்ட குளிர்நீர், மேலே நிற்கும் வெந்நீரைக் கலக்காமல், மெல்ல மேலே தள்ளி மூக்கின் வழி வெளியேற்றுகிறது. இரண்டும் கலவாதிருக்கும் மட்டுமே வெந்நீர் வெந்நீராய் வரும். பற்றவைத்த இடம் விட்டு அக்குழல் பாதியில் கழன்று விழுந்துவிட்டதென்று கொள்வோம். ஊற்றும் பச்சைத் தண்ணீர் மேலேயே நின்று வெந்நீரோடு கலந்துவிடும். கீழே எவ்வளவு சிரட்டை போட்டாலும் மூக்கில் வருவது வெதுவெதுப்பான நீர்தான்.

மின்சாரக் கீசரிலும் இதே ஏற்பாடுதான். சுவரில் நெட்டுக்குத்தாய் மாட்டிய கீசரின் அடியில் இரண்டு குழாய்கள் இருக்கும். நீல வளையம் உள்ளது குளிர்நீர் புகும் வழி. அது அடியிலேயே நின்றுவிடும். சிவப்பு வளையம் உள்ளது வெந்நீர் வெளிவரும் வழி. அதன் உட்குழல் தொட்டியின் உச்சி வரை நீண்டு, மேலே உள்ள சூடான நீரை மட்டும் எடுத்துத் தரும். குழாய் வேலை செய்பவர் மறதியாக இவ்விரண்டையும் மாற்றி இணைத்துவிட்டால், குளிர்நீர் உச்சியில் கொட்டி வெந்நீரைக் கெடுக்கும். நாம் அடி நீரைக் குடைந்தெடுத்துக் குளித்துக்கொண்டிருப்போம். உட்குழல் துருப்பிடித்துப் பாதியில் ஓட்டை விழுந்தாலும் விளைவு அதுவே. வெள்ளையடித்தபோதோ, ஓடு மாற்றியபோதோ கீசரைக் கழற்றி மாட்டினார்கள், அன்றிலிருந்து சூடில்லை என்றால், முதலில் வளையங்களின் நிறத்தைப் பாருங்கள்.

எனவே வெதுவெதுப்புக்குக் காரணங்கள் இரு வகை: நீர் சூடேறவே இல்லை என்பது ஒன்று, சூடேறிய நீர் நம் கைக்கு வரும் முன் குளிர்நீரோடு கலந்துவிட்டது என்பது மற்றொன்று. பழுதுபார்ப்பவர் பலரும் முதல் வகையை மட்டுமே கருதிப் பாகங்களை மாற்றிக்கொண்டே போகிறார்கள். எந்த வகை என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டா. ஒரு கடிகாரமும், கீசரின் முகப்பில் எரியும் சிவப்பு விளக்கும் போதும். சில கீசர்களில் அவ்விளக்கு மின்சாரம் இருப்பதை மட்டுமே காட்டும். அத்தகைய வீடுகளில் மற்றச் சுவிட்சுகளை அணைத்துவிட்டு, மின் மீட்டரில் கண்சிமிட்டும் ஒளி மந்தமாகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

கீசரை அணைத்துவிட்டு, வெந்நீர்க் குழாயில் பச்சைத் தண்ணீர் வரும் வரை திறந்துவிடுங்கள். பின்பு குழாய்களை எல்லாம் இறுக மூடி, சுவிட்சைப் போட்டு மணியைப் பாருங்கள். 25 லிட்டர் நீரை 27 பாகையிலிருந்து 60 பாகை வரை சூடேற்ற, 2000 வாட் காயிலுக்குக் கணக்கின்படி ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும்; 15 லிட்டர் கீசரானால் 17, 18 நிமிடம். மார்கழியில் தொட்டி நீர் குளிர்ந்திருப்பதால் இன்னும் சில நிமிடங்கள் கூடலாம்.

விளக்கு பத்து நிமிடத்திலேயே அணைந்துவிட்டால், நீர் சூடாகும் முன்பே தெர்மோஸ்டாட் ஏமாந்துவிட்டது என்று பொருள். அது கெட்டிருக்கலாம், அல்லது யாரோ அதன் திருகைக் குறைத்து வைத்திருக்கலாம். ஆனால், நம் பகுதியில் பெரும்பாலும் குற்றவாளி உப்புத்தான். பொதிகையில் பிறந்து பாறைகளின் மீது ஓடிவரும் ஆற்றுநீர் மென்மையானது. ஆழ்துளைக் கிணற்றுநீர் அவ்வாறன்று. தாழையூத்தில் 1949-இல் சிமெண்டு ஆலை எழுந்தது அங்கே மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் கிடந்ததால் அன்றோ? அத்தகைய நிலத்தின் ஊற்றுநீர் கரைந்த சுண்ணாம்பைச் சுமந்து வருகிறது. நீர் சூடேறும்போது அந்தச் சுண்ணாம்பு பிரிந்து, காயிலின் மீது வெள்ளைப் பொருக்காகப் படிகிறது. வெந்நீர்ப் பானையின் உட்புறத்தில் நாம் காணும் அதே பொருக்கு.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். பொருக்குப் படிந்தால் சூடு நீருக்குள் போகாது, அதனால் நீர் சுடாது என்பார்கள். காயில் இழுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகி எப்படியும் நீருக்குத்தான் போய்ச் சேரும். அதற்கு வேறு போக்கிடம் இல்லை. கேடு வேறிடத்தில் நேர்கிறது. பொருக்கு வளர்ந்து வளர்ந்து, காயிலையும் பக்கத்தில் நிற்கும் தெர்மோஸ்டாட் குழலையும் ஒரே கட்டியாய் இணைத்துவிடுகிறது. காயிலின் சூடு நேரே தெர்மோஸ்டாட்டைத் தாக்க, நீர் முழுவதும் சூடாகிவிட்டதாக அது நம்பி மின்சாரத்தை அறுத்துவிடுகிறது. உள்ளே மூச்சுமுட்டும் காயிலும் அளவுக்கு மீறிச் சூடேறி நாளடைவில் வெடித்துப்போகிறது. ஆகவே போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் ஆண்டுக்கொரு முறை கீசரைத் திறந்து பொருக்கை அகற்றச் சொல்லுங்கள். அப்போதே, தொட்டி துருப்பிடிக்காதபடி தான் கரைந்துகொண்டிருக்கும் மக்னீசியத் தண்டு மிச்சமிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அமிலம் வாங்கி வீட்டிலேயே ஊற்றிப் பார்ப்பது வேண்டவே வேண்டா.

சுண்ணாம்பும் வெதுவெதுப்பும் என்றவுடன் நம் வாசகர்களுக்குத் திருவெளிப்பாடு நூலின் மூன்றாம் அதிகாரம் நினைவுக்கு வராதிராது. குளிர்ச்சியுமின்றிச் சூடுமின்றி இருப்பதற்காக ஆண்டவரின் கடிந்துரையைப் பெற்ற இலவோதிக்கேயா நகரின் இடிபாடுகள் இன்றைய துருக்கி நாட்டில் உள்ளன. அந்நகருக்குத் தொலைவிலிருந்து நீர் கொண்டுவந்த கல் குழாய்களும் சுடுமண் குழாய்களும் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் உட்புறம் சுண்ணாம்புப் பொருக்கால் பாதிக்கு மேல் அடைபட்டிருப்பதைப் படங்களில் காணலாம். பள்ளத்தாக்கின் எதிர்ப்புறம் எராப்போலியில் வெந்நீர் ஊற்றுகள்; இப்போது பாமுக்கலே என்று சுற்றுலாப் பயணிகள் கூடும் வெண்பாறைப் படிகள் அந்நீர் விட்டுச்சென்ற சுண்ணாம்பே. மற்றொரு புறம் கொலோசையில் குளிர்ந்த நீர். வெந்நீர் மேனிக்கு இதம், குளிர்நீர் நாவுக்கு இதம், இடைப்பட்டது எதற்கும் ஆகாது என்பதை அவ்வூரார் நாள்தோறும் அறிந்திருப்பர் என்று விவிலிய அறிஞர் சிலர் விளக்குகின்றனர். மறையுரையாளர்கள் பலர் இவ்விடத்தில் சூட்டை மட்டும் புகழ்ந்து குளிர்ச்சியைப் பழிப்பதுண்டு. திருநெல்வேலியின் மே மாதத்தில் அவ்வாறு பிரசங்கிக்க நமக்கு மனம் வராது.

மீண்டும் விளக்குக்கு வருவோம். ஒரு மணி நேரம் கடந்தும் அது அணையவில்லை என்றால், போதிய வெப்பம் உண்டாகவில்லை, அல்லது உண்டான வெப்பம் ஒழுகிப்போகிறது. எங்கோ ஒரு வெந்நீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருக்கலாம். இரட்டைக் காயில் உள்ள கீசரில் ஒன்று செத்திருக்கலாம். மின்னழுத்தக் குறைவும் ஒரு காரணம். 230 வோல்ட்டுக்குச் செய்த காயில் 190 வோல்ட்டில் 2000 வாட்டுக்குப் பதில் 1365 வாட் அளவே தரும். அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் சூடு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அரைமணி வேலை 42 நிமிடம் ஆகும். கருவியில் பழுதில்லை, காத்திருந்தால் போதும். (1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் இவ்வட்டாரத்தில் விளக்கெரித்தது தாமிரபரணியின் வீழ்ச்சியே. மின்சாரத்தை விளக்குக்கன்றிக் குளியலுக்குச் செலவிடுவோர் அன்று எத்தனை பேர் இருந்திருப்பர்!)

விளக்கு சரியாக அரைமணியில் அணைந்தும் குழாயில் வெதுவெதுப்பாகவே வருகிறதென்றால், கீசரைக் குறைசொல்லாதீர்கள். உள்ளே நீர் சுடச்சுட நிற்கிறது. கலப்படம் வெளியே நடக்கிறது.

நம் வாசகியின் வீட்டில் விளக்கு 31 நிமிடத்தில் அணைந்தது என்று மறுநாள் தொலைபேசியில் தெரிவித்தார். அந்த ஒரு விடையிலேயே தெர்மோஸ்டாட்டும் காயிலும் வீணே மாற்றப்பட்டன என்பது புலனாயிற்று. அடுத்து ஒரு சோதனை சொன்னோம். மாடிக் குளியலறையில் மிக்சர் குழாய்க்குக் குளிர்நீர் வரும் ஆங்கிள் காக்கை முழுவதும் மூடிவிட்டு, கீழே மாமியாரின் வெந்நீர்க் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். பார்த்தார். ஆவி பறந்தது. கையை வைக்க முடியவில்லை என்றார்.

நடந்தது இதுதான். புதுப்பித்தபோது மாடியில் கை ஷவர் பொருத்தினார்கள். அதன் கைப்பிடியில் ஒரு விசை. அழுத்தினால் நீர் வரும், விட்டால் நிற்கும். கல்லூரியில் படிக்கும் பேரன் குளித்து முடித்ததும் விசையை விட்டுவிட்டு வந்துவிடுவான். சுவரிலுள்ள வெந்நீர்த் திருகையும் குளிர்நீர்த் திருகையும் மூடுவதில்லை. ஷவரில் நீர் சொட்டுவதில்லை ஆதலின் எவரும் கவனிக்கவில்லை. ஆனால் இரண்டு திருகும் திறந்திருக்கையில், மிக்சருக்குள்ளே வெந்நீர்க் குழாயும் குளிர்நீர்க் குழாயும் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. கீழே பாட்டி வெந்நீர்க் குழாயைத் திறந்தவுடன், கீசர் வழியே சுற்றிவரும் நீரைவிட, மிக்சர் வழியே குறுக்கே பாயும் பச்சைத் தண்ணீர் எளிதாக வந்து கலந்துவிடுகிறது. மாடியில் குளிப்பவருக்கோ குறை தெரிவதில்லை. தமக்கு வேண்டிய அளவு திருகித் திருத்திக்கொள்கிறார். பழுதுபார்ப்பவரும் மாடிக் குழாயையே திறந்து பார்த்தார். கீழே சென்று அம்மூதாட்டியின் குழாயில் கைவைத்துப் பார்த்தவர் ஒருவருமில்லை.

பத்து மாதங்களாக அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. கையில் சுரீரென்றதும் உண்மையே. ராடைச் சோதித்த மின்பணியாளர், அடிப்பக்கத்தில் குழல் வெடித்திருப்பதைக் காட்டினாராம்.

நிவாரணம் செலவற்றது: குளித்தபின் இரு திருகுகளையும் மூடிவிட வேண்டும். பேரனை நம்ப முடியாதென்றால், கை ஷவரின் விசையை எடுத்துவிட்டுத் திருகினால் மட்டுமே நிற்கும்படி செய்யலாம். அல்லது மிக்சருக்குச் செல்லும் இரு குழாய்களிலும் நீர் பின்னோக்கிப் பாயாதபடி தடுக்கும் வால்வுகளைப் பொருத்தலாம். குழாய்ப் பணியாளர்கள் இதனை என்.ஆர்.வி. என்பார்கள். நிரந்தரத் தீர்வு இதுவே.

ஆனால், பழுது நீங்கியதால் புதியதோர் அபாயம் பிறக்கிறது. இத்தனை நாள் வெதுவெதுப்பாக வந்த குழாயில் இனி 60 பாகை நீர் வரும். அச்சூட்டில் சில நொடிகளிலேயே தோல் வெந்துவிடும். முதியோரின் மெல்லிய தோல் இன்னும் விரைவில் வேகும். வாளியில் முதலில் குளிர்நீரைப் பிடித்து, பின்பே வெந்நீரைச் சேர்க்கும் பழக்கத்தைப் பாட்டிக்கும் பேரனுக்கும் சொல்லிக் கொடுங்கள். தொல்லையே வேண்டா என்று தெர்மோஸ்டாட்டை 40 பாகைக்குக் குறைத்து வைப்பதும் சரியன்று. 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே பரவிப் பலரைக் கொன்ற நுரையீரல் நோயின் கிருமி, தேங்கிய வெதுவெதுப்பான நீரில் செழிப்பது. 20 முதல் 45 பாகை வரை அதற்கு உகந்த சூடு; 60 பாகையில் அது மடிகிறது. அது தாக்குவதும் பெரும்பாலும் முதியோரையே. தொட்டிக்குள் நீர் நன்றாகச் சுடட்டும், வாளிக்குள் ஆற்றிக்கொள்வோம்.

மற்றக் கருவிகளைப் பற்றி ஓரிரு சொற்கள். உடனடிக் கீசர் வைத்திருப்போர், குழாயை முழுவதும் திறந்துவிட்டுச் சுடவில்லை என்கிறார்கள். 3000 வாட் கீசர் நிமிடத்திற்கு 3 லிட்டர் நீரை ஏறத்தாழ 15 பாகைதான் உயர்த்த முடியும். ஒழுக்கைக் குறைத்தால் சூடு கூடும். அது பழுதன்று, கணக்கு. சூரிய வெந்நீர் அமைப்பில் மாடியிலிருந்து கீழே வரும் குழாயே குற்றவாளி: 15 மீட்டர் நீளமுள்ள அரை அங்குலக் குழாயில் இரண்டரை லிட்டர் நீர் இரவெல்லாம் ஆறி நிற்கும். அதை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள்; குழாய்க்கு உறை போடுங்கள். காஸ் கீசரில் வெதுவெதுப்பைவிடக் கொடியது காற்றோட்டமின்மை. சன்னல் அடைத்த குளியலறையில் அது எரிந்தால் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு சேர்ந்து, குளிப்பவர் கதவைத் திறக்கும் வலுவின்றி அங்கேயே மயங்கி விழுவார். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. காஸ் கீசர் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும்.

கீசரின் அடியில் பாதுகாப்பு வால்வு அவ்வப்போது சில துளி சொட்டினால் அதை அடைத்துவிடாதீர்கள். சூடேறும் நீர் விரிவடைகிறது. அது போக வழி வேண்டும்.

இனி, பரணில் உள்ள பாய்லர். விற்க வேண்டா, அம்மா. இறக்கி, புளியும் உப்பும் போட்டுத் துலக்குங்கள். புகைக்குழலின் உட்புறத்தில் ஒட்டிய கரியை நீண்ட கழியால் தட்டி உதிர்த்து, கம்பித்தட்டின் சாம்பலை அள்ளிவிடுங்கள்; காற்று கீழிருந்து மேலே தடையின்றி ஏறினால்தான் தீ நன்றாகப் பிடிக்கும். நீர் நிரப்பிய பிறகே நெருப்பிட வேண்டும். வெறும் பாய்லரில் தீ மூட்டினால் பற்றவைத்த இடங்கள் உருகிவிடும். நீர் கொதித்ததும் புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மூக்கில் வரும் நீர் கொதிப்பு மாறாதிருந்தால் உட்குழல் நலமாயிருக்கிறது. உடம்பு சுட, மூக்கில் வெதுவெதுப்பாக வந்தால், குழல் கழன்றுவிட்டது. கன்னாரிடம் கொடுத்தால் பற்றவைத்துத் தருவார். எங்கே வைப்பது என்று மாமியாரையே கேளுங்கள், கொல்லைப்புறம் என்றுதான் சொல்வார். கரிப்புகையும் காஸ் கீசரின் புகையும் செய்யும் கேடு ஒன்றே ஆதலின், குளியலறைக்குள் அதைக் கொண்டுபோகாதீர்கள்.